கிடங்கில் தானியம், கையில் காசில்லை: உணவுப் பாதுகாப்பும் வணிகமும்

தனக்கு வேண்டிய தானியத்தைத் தானே விளைவித்துக்கொள்ளாத ஒரு நாடு உணவுப் பாதுகாப்புள்ள நாடாக இருக்க முடியுமா? வணிகத்தைத் திறந்துவிட்டால் பசி குறையுமா, கூடுமா? இவை இரண்டும்தான் நீங்கள் கேட்டவை.

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: முடியும். சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. எகனாமிஸ்ட் குழுமம் வெளியிடும் உலக உணவுப் பாதுகாப்புக் குறியீட்டில் 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் அதற்குத்தான் முதலிடம். ஜப்பானியர் உண்ணும் கலோரியில் உள்நாட்டு விளைச்சலின் பங்கு சுமார் 38 சதவீதம்தான். மறுபக்கம் பாருங்கள்: உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்வது இந்தியா, போதிய ஊட்டமில்லாதவர்களின் எண்ணிக்கையிலும் இந்தியாதான் முதலில் நிற்கிறது. ஆக, விளைவதும் உண்பதும் ஒரே கணக்கல்ல.

இரண்டாவது கேள்விதான் சிக்கலானது. என் பதிலைச் சுருக்கமாக இப்போதே சொல்லிவிடுகிறேன். உணவுப் பாதுகாப்பு இரண்டு கைகளில் இருக்கும் பணத்தைப் பொறுத்தது. ஒன்று, குடும்பத்தின் கையில் இருக்கும் கூலி. மற்றொன்று, நாட்டின் கையில் இருக்கும் அந்நியச் செலாவணி. இந்த இரண்டையும் பெருக்குகிற வணிகம் பசியைக் குறைக்கும். இரண்டில் ஒன்றைக் காலி செய்கிற வணிகம் பசியைக் கூட்டும். தன்னிறைவா, இறக்குமதியா என்ற பட்டிமன்றம் இந்தக் கணக்கைப் பார்க்காமலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

1996-ல் ரோம் நகரில் நடந்த உலக உணவு உச்சி மாநாட்டின் வரையறைதான் இன்றும் புழக்கத்தில் உள்ளது: எல்லா மக்களுக்கும், எல்லா நேரத்திலும், போதுமான, பாதுகாப்பான, சத்தான உணவு எட்டும் தூரத்திலும் வாங்கும் நிலையிலும் இருக்க வேண்டும். இருப்பு, எட்டும் தன்மை, உடலில் சேர்தல், நிலைத்தன்மை என்று இதை நான்கு தூண்களாகப் பிரிப்பார்கள். பேச்சுகளில் முதல் தூணுக்கு மாலை விழும்; சாவு வருவதோ பெரும்பாலும் இரண்டாவது தூண் சாயும்போது.

உலகின் ஆண்டுத் தானிய விளைச்சலை மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்குச் சுமார் 350 கிலோ வருகிறது. அதில் பெரும்பங்கு கால்நடைத் தீவனத்துக்கும் எரிபொருளுக்கும் போகிறது என்பது உண்மைதான். அப்படியும் உயிர் வாழத் தேவையானதைவிட அதிகமே மிஞ்சும். ஆனால் ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டில் 2024-ல் பசியோடு இருந்தவர்கள் சுமார் 67.3 கோடி பேர். சத்தான உணவை விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் சுமார் 260 கோடி பேர். இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வயிறு நிறையத் தானியம் கிடைக்கிறது. பருப்பும் காய்கறியும் பாலும் முட்டையும்தான் சம்பளத்துக்கு எட்டவில்லை.

பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981-ல் முன்வைத்த வாதம் இங்கேதான் வருகிறது. 1973-ல் எத்தியோப்பியாவின் வொல்லோ மாகாணத்தில் பஞ்சம். வறட்சியில் பயிர் பொய்த்தது, மக்கள் செத்தார்கள். ஆனால் மாகாணத்தின் தெஸ்ஸே நகரச் சந்தையில் தானிய விலை பெரிதாக ஏறவில்லை. அதைவிட வேதனை, வொல்லோவிலிருந்து தலைநகர் அடிஸ் அபாபாவுக்கும் அஸ்மாராவுக்கும் தானியம் போய்க்கொண்டிருந்தது. விவசாயிக்கு விளைச்சல்தான் சோறு, விளைச்சல்தான் வருமானம். அது போனதும் இரண்டும் ஒன்றாகப் போயின. மேய்ச்சல்காரர்களின் மாடும் ஒட்டகமும் மெலிந்தன. விற்கப்போனால் பழைய விலைக்குக் கிடைத்த தானியத்தில் ஒரு பகுதிதான் கிடைத்தது. வாங்க ஆளில்லாத ஊரில் விலை எப்படி ஏறும்? விலை ஏறாத ஊருக்கு எந்த வியாபாரி சரக்கு கொண்டுவருவான்? சந்தை தன் வேலையைச் சரியாகவே செய்தது. காசு இருந்த பக்கம் தானியம் போனது.

அடுத்த ஆண்டு வங்கதேசம். 1974-ல் அங்கே தலைக்குக் கிடைத்த உணவு தானியம், 1971 முதல் 1975 வரையிலான ஐந்து ஆண்டுகளில் மிக அதிகம். பஞ்சம் வந்ததும் அதே 1974-ல்தான். பெருவெள்ளம் வயல்களை மூழ்கடித்தது. நடவு வேலை இல்லாமல் போனது, நடவுக்கூலியை நம்பிய நிலமற்ற தொழிலாளர்கள் முதலில் விழுந்தார்கள். வெள்ளத்தில் அழிந்த பயிர் ஆண்டுக் கடைசியில் அறுவடைக்கு வரவேண்டியது. அதற்கு முன்பே பஞ்சம் உச்சத்தைத் தொட்டுவிட்டது. இனி தட்டுப்பாடு வரும் என்ற எதிர்பார்ப்பே அரிசி விலையை ஏற்றப் போதுமானதாக இருந்தது. வெளியில் வாங்கலாம் என்றால் அரசிடம் டாலர் இல்லை. அமெரிக்காவின் உணவு உதவியும் அந்த நேரம் பார்த்து நின்றது. அமெரிக்கா பகைத்திருந்த கியூபாவுக்கு வங்கதேசம் சணல் விற்றதுதான் காரணம். குடும்பத்தின் கையும் நாட்டின் கையும் ஒரே மாதங்களில் காலியான கதை இது.

இதே நாட்டை 24 ஆண்டுகள் கழித்துப் பாருங்கள். 1998-ல் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நீரில் மூழ்கியது. வெள்ளம் வாரக்கணக்கில் வடியவில்லை. பஞ்சம் வரவில்லை. காரணங்கள் பல உண்டு. கிணற்றுப் பாசனத்தில் குளிர்காலச் சாகுபடி பெருகியிருந்தது, நிவாரண வழங்கல் மேம்பட்டிருந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: 1994 முதல் தனியார் அரிசி இறக்குமதி செய்ய அனுமதி இருந்தது. அரசு டெண்டர் விட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை. நூற்றுக்கணக்கான சிறு வணிகர்கள் தலைக்கொரு சின்னக் கடன் உறுதிக் கடிதத்தை (சரக்கின் விலைக்கு வங்கி தரும் உத்தரவாதம்) வைத்துக்கொண்டு, எல்லைக்கு அப்பால் இந்தியாவிலிருந்து லாரியிலும் ரயிலிலும் அரிசி கொண்டுவந்தார்கள். 20 லட்சம் டன்னுக்கு மேல் இப்படி உள்ளே வந்தது. இந்திய அரிசி வந்து சேரும் விலையே உள்நாட்டு விலைக்கு உச்சவரம்பாக நின்றது. பதுக்கியவருக்குப் பதுக்கியதில் லாபமில்லை.

வணிகத்தின் நல்ல முகம் இதுதான். ஓர் ஊரில் மழை பொய்த்தால் இன்னோர் ஊரில் பெய்திருக்கும். உலகம் முழுவதும் ஒரே பருவத்தில் பயிர் பொய்ப்பதில்லை. மிச்சமுள்ள இடத்திலிருந்து பற்றாக்குறை உள்ள இடத்துக்குச் சரக்கு நகர்ந்தால் போதும். சரக்கு நகரத் தகவல் நகர வேண்டும். 1997 ஜனவரி 14 அன்று காலை, கேரளத்தின் வடகரைக் கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மத்தி மீனைக் கொட்டிவிடும் நிலையில் நின்றார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் இதைப் பதிவு செய்து, செல்போன் வந்த பிறகு என்ன நடந்தது என்றும் கணக்கெடுத்தார். மீன் வீணாவது கிட்டத்தட்ட நின்றுபோனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. இரு பக்கமும் லாபம் என்பது பொருளாதாரத்தில் அடிக்கடி கிடைப்பதல்ல.

இனி வணிகத்தின் மற்ற முகம். 2007-08 அரிசி நெருக்கடியைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விஷயத்தைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லக்கூடாது என்பது என் எண்ணம். அந்த ஆண்டு உலக அரிசி விளைச்சலில் குறையே இல்லை. கோதுமை விலை ஏறிக்கொண்டிருந்தது. அது அரிசிக்கும் தாவுமோ என்ற அச்சத்தில் 2007 அக்டோபரில் இந்தியா பாசுமதி அல்லாத அரிசி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. வியட்நாம் புதிய ஒப்பந்தங்களை நிறுத்தியது. பெரிய இறக்குமதியாளரான பிலிப்பைன்ஸ் பதறிப்போய் எந்த விலைக்கும் வாங்கத் தயார் என்பதுபோல் அடுத்தடுத்து டெண்டர் விட்டது. டன்னுக்கு 300 டாலரை ஒட்டி இருந்த தாய்லாந்து அரிசி, 2008 ஏப்ரல்-மே மாதங்களில் 1,000 டாலரைத் தாண்டியது.

இவ்வளவு துள்ளல் அரிசிக்கு மட்டும் ஏன்? அரிசிச் சந்தை மெலிந்த சந்தை. கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நாடுவிட்டு நாடு போகிறது. அரிசியிலோ அப்போது 7 சதவீதம் அளவுக்குத்தான், இப்போதும் பத்தில் ஒரு பங்குதான். விளையும் நாடே தின்றுவிடும் பயிர் அது. விற்பனைக்கு வரும் அந்தச் சிறு பங்கிலிருந்து ஒரே ஒரு பெரிய விற்பனையாளர் விலகினாலும் மிச்சமிருப்பதைப் பிடுங்கப் பத்துப் பேர் நிற்பார்கள். பொருளியலாளர்கள் வில் மார்ட்டின், கிம் ஆண்டர்சன் இருவரின் கணக்குப்படி, அந்த நெருக்கடியில் அரிசி விலை ஏறியதில் சுமார் 45 சதவீதத்துக்குக் காரணம் நாடுகள் தங்களைத் தற்காத்துக்கொள்ள எடுத்த வணிக நடவடிக்கைகளே. ஒவ்வொரு நாடும் தனியாகப் பார்த்தால் செய்தது நியாயம். எல்லோரும் சேர்ந்து செய்தபோது அது யாரையும் காக்கவில்லை, இல்லாதவனை மட்டும் அடித்தது.

அந்த விலை இறங்கிய விதம் இன்னும் விசித்திரம். உலக வணிக அமைப்பின் ஒப்பந்தப்படி ஜப்பான் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு அரிசியை இறக்குமதி செய்தாக வேண்டும். ஜப்பானியருக்கு அது பிடிக்காது. அந்த அமெரிக்க, தாய்லாந்து அரிசி கிடங்குகளில் குவிந்து கிடந்தது. அதைப் பிலிப்பைன்ஸுக்குக் கொடுக்கத் தயார் என்று 2008 மே மாதம் பேச்சு வெளியானது, அமெரிக்காவும் தடை சொல்லவில்லை. ஒரு கப்பல்கூடப் புறப்படவில்லை. விலை சரியத் தொடங்கிவிட்டது. பீதியால் ஏறிய விலை செய்தியால் இறங்கியது.

பாடம் படித்தார்களா என்றால், இல்லை. 2010 ஆகஸ்டில் வறட்சியைக் காட்டி ரஷ்யா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் இந்தோனேசியா சில வாரங்களுக்குப் பாமாயிலையும், மே மாதம் இந்தியா கோதுமையையும் நிறுத்தின. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் இந்தியா தடை போட்டது. உலக அரிசி வணிகத்தில் சுமார் 40 சதவீதம் வைத்திருக்கும் நாடு அது. இதையெல்லாம் ஒழுக்கக்கேடு என்று திட்டுவதில் பயனில்லை. விலைவாசி ஏறினால் ஆட்சி போய்விடும் என்ற பயம் உள்ள எந்த அரசும் இதைத்தான் செய்யும். ஏற்றுமதித் தடை வரும் என்று வைத்துக்கொண்டே இறக்குமதி செய்யும் நாடு திட்டமிட வேண்டும்.

சட்டமும் கைகொடுக்காது. இறக்குமதி வரிக்கும் மானியத்துக்கும் பக்கம் பக்கமாக விதிகள் உண்டு. ஏற்றுமதித் தடைக்கோ, உலக வணிக விதிகளுக்கு அடிப்படையான காட் ஒப்பந்தத்தின் 11-வது பிரிவிலேயே உணவுப்பொருள் கடும் தட்டுப்பாட்டின்போது தற்காலிகமாகத் தடுக்கலாம் என்ற விலக்கு இருக்கிறது. தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம், கடும் தட்டுப்பாடு என்றால் எவ்வளவு என்பதற்குத் தெளிவான அளவுகோல் கிடையாது. 2022 ஜூனில், ஐ.நா. உலக உணவுத் திட்டம் நிவாரணத்துக்கு வாங்கும் சரக்கையாவது தடுக்கமாட்டோம் என்று உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. அதற்கே அத்தனை ஆண்டுகள் ஆயின. இன்னொரு கோணலும் உண்டு: வளரும் நாடு ஆதரவு விலை கொடுத்துக் கொள்முதல் செய்தால் அந்த மானியம் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஆனால் மானியத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அடிப்படை விலை 1986-88 ஆண்டுகளுடையது. அந்தப் பழைய விலையோடு ஒப்பிட்டால் மானியம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். 2013 பாலி மாநாட்டில் இதற்கு இடைக்காலப் பாதுகாப்பு தந்தார்கள். நிரந்தரத் தீர்வு இழுத்துக்கொண்டே போகிறது.

மலிவான இறக்குமதி எப்போதும் நல்லதா என்று கேட்பவர்களுக்கு ஹெய்ட்டியைத்தான் காட்டுவேன். 1980-களில் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை அந்நாடே விளைவித்தது. 1990-களின் நடுவில், கடன் கொடுத்தவர்களின் நெருக்குதலில், அரிசி மீதான இறக்குமதி வரி 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி உள்ளே வந்தது. நகரத்து ஏழைக்கு முதலில் அது நல்ல செய்திதான், சோறு மலிந்தது. ஆனால் நெல் விளையும் ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கில் விவசாயம் கட்டுப்படியாகவில்லை. நிலத்தை விட்டவர்கள் தலைநகரின் குடிசைகளுக்கு வந்தார்கள், அங்கே அவர்களுக்குக் கொடுக்கத் தொழிற்சாலை வேலை இல்லை. கிராமத்தில் கூலி போயிற்று, நகரத்தில் கூலி உருவாகவில்லை. இந்த நிலையில் 2008 விலையேற்றம் வந்தது. ஏப்ரல் மாதக் கலவரங்களில் பிரதமர் ஜாக் எட்வார் அலெக்சியின் பதவி போனது. வரிக்குறைப்பின்போது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டன் 2010-ல் செனட் குழு முன்பு, அந்தக் கொள்கை தன் சொந்த மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் ஹெய்ட்டிக்கு அது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

ஹெய்ட்டியின் பிழை இறக்குமதி செய்தது என்று நான் சொல்லமாட்டேன். விவசாயத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டவனைப் பிடித்துக்கொள்ள வேறு தொழில் இல்லாதபோது கதவை ஒரே தள்ளில் திறந்ததுதான் பிழை. வியட்நாம் எதிர்த்திசையில் வந்த நாடு. 1986-ல் சீர்திருத்தம் தொடங்கி, 1988-ல் கூட்டுப்பண்ணை முறையைத் தளர்த்தி நிலத்தை உழவர் குடும்பங்களிடம் நீண்டகாலப் பொறுப்பாக விட்டது. அரிசி இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு 1989-லேயே 14 லட்சம் டன் அளவில் ஏற்றுமதி செய்தது. உழவர் கையில் காசு வந்தது, அந்தக் காசு கிராமத்திலேயே செலவானது, பிறகு தொழிற்சாலை வந்தது. ஏழை நாடுகளில் வேளாண் வளர்ச்சி வறுமையை மற்ற துறைகளைவிட வேகமாகக் குறைப்பது இதனால்தான்: வேலை செய்பவர்களும் ஏழைகள், அவர்கள் வாங்கும் பொருளைச் செய்பவர்களும் பெரும்பாலும் ஏழைகள். எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரும் வளர்ச்சிக்கு இந்தக் குணம் கிடையாது. வருமானம் உயர உயர உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்பது ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-லேயே கண்டது. வருமானத்தில் பாதியை உணவுக்குக் கொடுக்கும் குடும்பத்துக்கு விலை இரட்டிப்பானால் பட்டினி. பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் குடும்பத்துக்கு அது எரிச்சல்.

நாட்டின் கைக்கு வருவோம். இலங்கை அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு பெற்ற நாடுதான். 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. இயற்கை வேளாண்மை என்று பெயர் சொல்லப்பட்டாலும், டாலரை மிச்சப்படுத்தும் கணக்கும் பின்னால் இருந்தது என்று பலர் கருதுகிறார்கள். அந்த நவம்பரிலேயே தடையை விலக்கினார்கள், ஆனால் நெல்லின் முதன்மைப் பருவமான பெரும்போகம் கையைவிட்டுப் போயிருந்தது. நெல் விளைச்சல் சரிந்தது, டாலர் ஈட்டித் தரும் தேயிலையும் சரிந்தது. மிச்சப்படுத்த நினைத்த டாலரைக் கொண்டு அரிசி வாங்க வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைத் திருப்பித் தருவதை நாடு நிறுத்தியது. செப்டம்பரில் கொழும்பில் உணவு விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. நெல்லில் தன்னிறைவு என்று சொன்னவர்கள், அந்த நெல்லுக்கு உரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. உரத்துக்கு வேண்டிய பொட்டாஷ், பாஸ்பேட், எரிவாயு எல்லாமே ஒருசில நாடுகளிடம் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலான தன்னிறைவுகளுக்குள் ஓர் இறக்குமதி ஒளிந்திருக்கிறது.

எகிப்து இன்னொரு வகை. கோதுமையில் உலகின் மிகப்பெரிய இறக்குமதியாளர்களில் ஒன்று. போருக்கு முன் அதன் இறக்குமதியில் சுமார் 80 சதவீதம் ரஷ்யா, உக்ரைன் இரண்டிலிருந்தும் வந்தது. மானிய ரொட்டியில் கைவைத்தால் என்ன ஆகும் என்பது 1977 ஜனவரிக் கலவரத்தில் தெரிந்துவிட்டதால், ஒரு ரொட்டிக்கு 5 பியாஸ்டர் (எகிப்திய பவுண்டில் நூறில் ஒரு பங்கு ஒரு பியாஸ்டர்) என்ற விலையை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் தொடவில்லை. போருக்குப் பின் கோதுமை விலை ஏறியது, எகிப்திய பவுண்டின் மதிப்பும் படுவீழ்ச்சி கண்டது. 2024 ஜூனில் ரொட்டி 20 பியாஸ்டர் ஆனது.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஏழைக் குடும்பங்களுக்கு வறட்சிக் காலத்தில் வேலையும் கூலியும் தரும் ஏற்பாட்டைத்தான் முதலில் வைப்பேன். 1972-73 மகாராஷ்டிர வறட்சியில் பொது வேலைகள்தான் பஞ்சத்தைத் தடுத்தன. அங்கேயும் விளைச்சல் கடுமையாக வீழ்ந்திருந்தது. அடுத்தது பல இடங்களிலிருந்து வாங்குவது. சிங்கப்பூர் 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்தும் பகுதிகளிலிருந்தும் வாங்குகிறது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சந்தையில் முணுமுணுப்பு எழுந்தது, பட்டினி வரவில்லை. பிறகு, அடுத்த கப்பல் வரும்வரை தாக்குப்பிடிக்கும் அளவுக்கு ஒரு கையிருப்பு. அதற்கு மேல் குவிப்பது எலிக்கும் ஈரத்துக்கும் வட்டிக்கும்தான். தென்கிழக்காசியாவின் ஆசியான் கூட்டமைப்பு நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும் சேர்ந்து ஒதுக்கியுள்ள அவசர அரிசி இருப்பு 7,87,000 டன். நல்ல தொடக்கம், ஆனால் பெரிய நெருக்கடிக்கு அது தூறல்தான்.

தன்னிறைவை நான் முழுக்கத் தள்ளவில்லை. நூறு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாடு அரிசிக்காக அந்த மெலிந்த சந்தையில் இறங்கினால் சந்தையே உடைந்துவிடும். அதற்கு உள்நாட்டு விளைச்சலைத் தவிர வழியில்லை. ஐம்பது லட்சம் பேர் உள்ள துறைமுக நாட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. உங்கள் மனதில் இருக்கும் நாடு எது என்று தெரியவில்லை. எதுவானாலும், அதன் ஏற்றுமதி வருவாயில் எத்தனை சதவீதம் உணவு இறக்குமதிக்குப் போகிறது, அந்த உணவு எத்தனை நாடுகளிலிருந்து வருகிறது, அங்குள்ள கீழ்த்தட்டுக் குடும்பம் வருமானத்தில் எவ்வளவை உணவுக்குக் கொடுக்கிறது என்ற மூன்று எண்களையும் தேடி எடுங்கள். தானிய விளைச்சல் புள்ளிவிவரத்தை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.